பின்வளவில் ஐந்து கோழிகள்

எங்கள் வகுப்பில் விஞ்ஞான பாடம் நடந்துகொண்டிருந்தபோது, "வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார் ஆசிரியை. 38 பேரில் 4 கைகள்தான் உயர்ந்தன. நான்காவது கை என்னுடையது. அதுவும் பாதிதான் உயர்ந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்த சத்தம் கேட்டது. அன்று என் கை ஏன் முழுதாக உயரவில்லை என்ற வெட்கம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

எங்கள் மூத்தம்மாவின் காலத்தில் கோழி இல்லாத வளவு ஊரில் இல்லை என்பார்கள். இன்று வேலிகள் மதில்களாகிவிட்டன. முற்றத்துக்குக் கல் பதித்துவிட்டோம். கோழி வளர்ப்பது வசதியில்லாதவர்களின் வேலை, அசுத்தமான வேலை என்ற எண்ணமும் நம்மிடையே வந்துவிட்டது. முட்டை என்றால் கடையில் வாங்குவது என்று பழகிவிட்டோம்.

அந்தப் பழக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதை 2022 ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததால் சோளச் செய்கை பாதிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து தீனி இறக்கவும் டொலர் இருக்கவில்லை. தீனியின் விலை ஏற, பண்ணைக்காரர் பலர் முட்டைக் கோழிகளை இறைச்சிக்கு விற்றனர். முட்டைக்கு அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை விதித்தது. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டிய நிலையும் ஏற்பட்டது. வீட்டுக்கு வீடு கோழி கூவிய ஒரு நாடு, முட்டைக்காகக் கப்பலை எதிர்பார்த்திருந்தது.

அந்த நாட்களில் வாப்பாவின் முச்சக்கர வண்டி பெற்றோல் வரிசையிலேயே நின்றது. எங்கள் வீட்டில் முட்டை வாங்குவது நின்றுபோனது. அப்போதுதான் மூத்தம்மா ஒரு அடைக்கோழியையும் 12 முட்டைகளையும் உம்மாவிடம் கொடுத்தார். பழைய கூடையில் வைக்கோல் பரப்பி அடைவைத்தோம். 21 ஆம் நாள் 9 குஞ்சுகள் பொரித்தன. இரண்டைப் பருந்து தூக்கியது, ஒன்றைக் கீரி பிடித்தது. மிஞ்சிய ஆறில் நான்கு பெட்டை, இரண்டு சேவல். சேவல்களில் ஒன்று பெருநாள் கறியானது, மற்றதை விற்றோம். தாய்க்கோழியோடு ஐந்து பெட்டைகள் எங்கள் பின்வளவில் நின்றன.

இதில் எவ்வளவு இலாபம் என்று கேட்பவர்களுக்கு உண்மையான கணக்கையே சொல்கிறேன். ஊர்க்கோழி, பண்ணைக் கோழியைப் போல நாள்தோறும் முட்டையிடாது. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருடத்துக்கு ஒரு கோழி 50 முட்டை இட்டால் ஐந்து கோழிக்கும் 250. மாதத்துக்கு ஏறத்தாழ 20. ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கிழமைக்கு ஒரு முட்டை. பெரிய தொகையல்லதான். ஆனால் ஒன்றுமே இல்லாதிருந்த வீட்டில், தம்பியின் தட்டில் ஒரு முட்டை இருப்பது பெரிய விடயம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு அது வேண்டும்.

செலவும் அதிகமில்லை. மிஞ்சிய சோறு, தேங்காய்ச் சக்கை, மரக்கறித் தோல், ஒரு பிடி குறுநெல் போதும். மீதியைக் கறையானும் பூச்சியும் புல்லுமாகக் கோழியே தேடிக்கொள்ளும். கடைத் தீனியை மட்டும் நம்பி ஊர்க்கோழி வளர்த்தால் நட்டம்தான் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். எச்சத்தைக் குப்பையோடு சேர்த்து உக்கவைத்தால் கத்தரிக்கும் முருங்கைக்கும் நல்ல பசளை. பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும்.

என் மனதில் அதிகம் பதிந்தது வேறொன்று. உம்மா சில முட்டைகளை அயலவர்க்கு விற்பார். ஊர் முட்டைக்குக் கடை முட்டையை விடக் கூடிய விலை கிடைக்கும். அந்தக் காசு பால்மா டின் ஒன்றுக்குள் போகும். அப்பியாசக் கொப்பிகளின் விலை ஏறிய அந்த வருடம் எனக்கும் தம்பிக்கும் கொப்பிகள் வாங்கியது அந்த டின்னிலிருந்துதான். வாப்பாவிடம் கேட்காமல், யாரிடமும் கடன் வாங்காமல், உம்மா தன் கையால் எடுத்துக் கொடுத்த காசு அது. அன்று அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும், ஆனால் அந்த முட்டை பொரிக்காது. எனவே பெருநாள் காசில் நான் ஒரு சேவல் வாங்கிவந்து அன்றைக்கே கூட்டுக்குள் விட்டேன். சில நாட்களில் அது தலை தொங்கி நின்றது. பிறகு பச்சையாகக் கழிந்தது, கழுத்து முறுகியது. ஒரு கிழமைக்குள் சேவலோடு மூன்று பெட்டைகளும் செத்துப்போயின. மூத்தம்மா தந்த தாய்க்கோழியும் அதில் ஒன்று. ராணிக்கெட் நோய் என்றார் கால்நடை வைத்தியர். கண்ணில் ஒரு சொட்டு விடும் தடுப்புமருந்து அவற்றைக் காப்பாற்றியிருக்கும், புதிய கோழியை இரண்டு கிழமையாவது தனியே வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். உம்மா என்னை ஏசவில்லை. செத்தவற்றைப் புதைக்கக் குழி வெட்டும்போது மண்வெட்டியை மட்டும் என் கையில் தந்தார்.

மீண்டும் தொடங்க அடைமுட்டை தந்தவர் பக்கத்து வீட்டு மாமி. எங்கள் கோழி அவரது கீரைப்பாத்தியைக் கிளறியதால் ஒருகாலத்தில் எங்களோடு பேசாமல் இருந்தவர் அவர். நாங்கள் வலை அடித்து, உக்கிய பசளையில் ஒரு சாக்கு கொடுத்த பிறகுதான் அந்த மனத்தாங்கல் தீர்ந்தது. எனவே "அயலாருக்குத் தொல்லை" என்பவர்களின் பேச்சில் நியாயம் உண்டு. கோழியை அடுத்தவர் வளவில் மேயவிட்டு, முட்டையை மட்டும் நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்வது சரியல்ல. வலையும் கூடும் அடிக்க முடியாதவர் கோழி வளர்க்காமல் இருப்பதே நல்லது.

நாற்றம் வரும் என்பார்கள். ஈரம் தங்கினால்தான் நாற்றம் வரும். நிலத்திலிருந்து இரண்டு அடி உயர்த்திக் கூடு அடித்து, கீழே உமி பரப்பி, அடிக்கடி அள்ளினால் நாற்றம் இல்லை. கூட்டில் கைவைத்த பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால் நோய்ப் பயமும் குறையும். படிப்பு கெடும் என்றும் சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஸுபஹுக்குப் பிறகு கூடு திறக்க 10 நிமிடம், மஃரிபுக்கு முன் அடைக்க 10 நிமிடம். கைத்தொலைபேசியில் நாம் கழிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை.

பெற்றோர்களே, மாடிவீட்டில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லவில்லை. பின்வளவு உள்ளவர்கள் மகளின் பொறுப்பில் இரண்டு கோழிகளை விட்டுப் பாருங்கள். வரவு செலவை அவளே ஒரு கொப்பியில் எழுதட்டும். வரும் காசில் ஒரு பங்கு அவளுடையதாக இருக்கட்டும். உயிருள்ள ஒன்றுக்கு நேரத்துக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்பதும், கவனக்குறைவின் விலை என்ன என்பதும் எனக்குப் புத்தகத்தில் கிடைத்த பாடங்கள் அல்ல.

இப்போது எங்கள் வீட்டில் மறுபடியும் ஐந்து பெட்டைகள். எல்லாவற்றுக்கும் தடுப்புமருந்து போட்டாயிற்று. அடைவைக்க முட்டை தேவைப்படும் தோழிகள் தரம் 11 இல் என்னிடம் கேட்கலாம். முதல் தடவைக்குக் காசு வேண்டாம்.