ஆப்பிரிக்காவின் பசியும் ஆய்வகத்து விதையும்

ஆப்பிரிக்காவின் பசியைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும், பேச்சு கடைசியில் மரபணு மாற்றுப் பயிரில் வந்து நிற்கிறது. பூச்சியைத் தாங்கும் விதையும் வறட்சியைத் தாங்கும் விதையும் வந்துவிட்டால் அந்தக் கண்டத்தின் உழவு தானே தலைநிமிரும் என்று படித்தவர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். அங்கே வயல்களில் நடந்ததைப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது.

புர்க்கினா ஃபாசோவில் பருத்திதான் முதன்மைப் பணப்பயிர். கையால் பறிக்கப்படும் அதன் பஞ்சுக்கு, இழை நீளத்தால் உலகச் சந்தையில் நல்ல பெயர். பல பத்தாண்டுகள் ரகங்களைத் தேர்ந்து தேர்ந்து உருவாக்கிய இழை அது. 2008-ல் விதைக் கம்பெனியான மான்சாண்டோவின் பூச்சிகொல்லும் பி.டி. மரபணுவை உள்ளூர் ரகங்களில் ஏற்றி வயலுக்கு விட்டார்கள். காய்ப்புழு அடங்கியது. ஆறு முறை அடித்த மருந்து இரண்டு முறையாகக் குறைந்தது. உழவர்கள் விரும்பியே விதைத்தார்கள். சில ஆண்டுகளில் பருத்திப் பரப்பின் பெரும்பகுதி பி.டி. ஆனது. ஆனால் இழை குட்டையாகிப்போனது. அரவையில் கிடைக்கும் பஞ்சும் குறைந்தது. விலை அடிபட்டதும் அந்நாட்டுப் பருத்திக் கம்பெனிகள் மான்சாண்டோவிடம் நஷ்டஈடு கேட்டன. 2016-ல் நாடு பழைய ரகங்களுக்கே திரும்பியது. உழவர்கள் மறுபடியும் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். மரபணு தன் வேலையைச் சரியாகச் செய்தது, பயிர் தோற்றது. ஆதரிப்பவர்கள் குட்டையான இழையைப் பற்றி வாய் திறப்பதில்லை; எதிர்ப்பவர்கள் குறைந்த மருந்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சூடான், எத்தியோப்பியா, மலாவி, கென்யா ஆகிய நாடுகளிலும் முதலில் உழவர் வயலுக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் பருத்திதான். பசியின் பெயரால் வாதாடிவிட்டு, யாரும் உண்ணாத பயிரைக் கொடுத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் மக்காத்தினி சமவெளியில் விதையில் குறை எழவே இல்லை. 1998 முதல் அங்கே சிறு உழவர்கள் பி.டி. பருத்தி போட்டார்கள், உலகுக்கே முன்மாதிரி என்று காட்டப்பட்டார்கள். விதைக்குக் கடன் கொடுத்து, விளைச்சலை வாங்கும்போது அதைக் கழித்துக்கொண்டது ஒரே கம்பெனி. பக்கத்தில் இன்னொரு அரவை ஆலை வந்ததும் உழவர்கள் அங்கே விற்றார்கள். பழைய கடன் வசூலாகவில்லை, புதுக்கடன் கிடைக்கவில்லை. பருத்திப் பரப்பு சுருங்கிவிட்டது. அதே நாட்டில் பி.டி. மக்காச்சோளத்தைத் தண்டுத் துளைப்பான் பத்தாண்டுக்குள் வென்றது; 2007-ல் அது ஆய்விதழில் பதிவானது. பூச்சி எதிர்ப்புத்திறன் பெறாமல் தடுக்க ஓரத்தில் சாதாரண ரகத்தையும் விதைக்க வேண்டும் என்ற விதியைப் பலர் கடைப்பிடிக்கவில்லை. பத்தாண்டுகூடத் தாங்காத பாதுகாப்பை நீடித்த வேளாண்மை என்று என்னால் ஏற்க முடியாது.

நைஜீரியாவின் காராமணியை மட்டும் மனமாரப் பாராட்டுகிறேன். எளிய மக்களின் அன்றாட உணவு அது. காய்த்துளைப்பான் அதைச் சூறையாடுகிறது. 2019-ல் அனுமதி பெற்ற பி.டி. ரகத்தை உருவாக்கியது ஜாரியாவில் உள்ள அரசு ஆராய்ச்சி நிறுவனம். மரபணுவுக்கு உரிமத்தொகை இல்லை. உழவர் விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்த் தேவையிலிருந்து பிறந்த விதை அது.

நைரோபியின் பூச்சியியல் ஆய்வு மையம் பரப்பிய பூச்சித் தடுப்பு முறைக்கோ மரபணு மாற்றமே தேவைப்படவில்லை. மக்காச்சோளத்துக்கு இடையே டெஸ்மோடியம் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். முன்னது தண்டுத் துளைப்பானை விரட்டும், பின்னது இழுக்கும். டெஸ்மோடியத்தின் வேர் சுடுமல்லிக் களையை அழித்து மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். இரண்டும் மாட்டுக்குத் தீவனம். இத்தனை பலன் தரும் இந்த முறைக்கு மரபணு விதைக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

ஆப்பிரிக்காவுக்கு உதவ நினைக்கும் அரசுகளும் அறக்கட்டளைகளும் முதலில் ஜாரியா போன்ற உள்நாட்டு ஆய்வு நிலையங்களுக்கும், கிராமக் கடனுக்கும், வயலுக்குப் போய்ச் சொல்லித்தரும் விரிவாக்க ஊழியர்களுக்கும் பணம் கொடுக்கட்டும். மரபணு மாற்றம் அந்த ஆய்வாளர்களின் கையில் ஒரு கருவியாக இருக்கட்டும். எந்தப் பயிரை, எந்த ரகத்தில் மாற்றுவது என்பதை அங்கே விதைப்பவர்கள் தீர்மானிக்கட்டும்.