படத்துக்குக் கீழே ஒரு பெயர்

ஆகஸ்ட் 19ஆம் நாள் உலகப் புகைப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1839ஆம் ஆண்டு அந்நாளில்தான் லூயி டாகர் உருவாக்கிய முறை பாரிசில் உலகறிய வெளியிடப்பட்டது. இந்நாளையொட்டித் தமிழகக் கல்லூரிகள் பலவற்றில், குறிப்பாகக் காட்சித் தொடர்பியல் துறை உள்ளவற்றில், மாணவர்கள் எடுத்த படங்கள் கண்காட்சியாக வைக்கப்படுகின்றன. ‘அன்றாட வாழ்க்கை’ என்பது அடிக்கடி தரப்படும் தலைப்பு. சுவரில் தொங்கும் படங்களிடையே ஓர் ஒற்றுமை உண்டு. சுருக்கம் விழுந்த முதியவரின் முகம், பலூன் விற்கும் சிறுமி, சக்கரத்தின் மேல் குயவரின் விரல்கள், ஆவி நடுவே தேநீர் ஆற்றும் கை. பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. கீழே ஒற்றைச் சொல்: ‘உழைப்பு’, ‘ஏக்கம்’, ‘தனிமை’, ‘நம்பிக்கை’.

இப்படங்களை எடுத்த மாணவர்களின் ஆர்வத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒளியைக் கவனிக்கவும் சட்டகத்தை அமைக்கவும் அவர்கள் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். நாம் கேட்பது வேறு. அந்த முதியவரின் பெயர் என்ன? பலூன் விற்கும் சிறுமி இரவில் எங்கே உறங்குகிறாள்? தேநீர் ஆற்றும் கை எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்கியது? அன்றாட வாழ்க்கையின் கதை என்று அறிவித்துவிட்டு, அன்றாடத்தையும் கதையையும் ஒருசேர வெளியே விட்டுவிட்ட படங்களாகவே அவை நமக்குத் தோன்றுகின்றன.

புகைப்படக்காரர்களின் விவகாரத்தில் இலக்கிய வாசகர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ‘கதை’ என்ற சொல் எங்கே புழங்குகிறதோ அங்கே நமக்கும் பேச இடம் உண்டு. அன்றாடத்தைக் கதையாக்குவது எவ்வளவு கடினம் என்பதை நம் உரைநடை அறியும். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் சென்னைத் தெரு ஒன்றின் தண்ணீர்த் தட்டுப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு குடத்தை ஒருமுறை காட்டியிருந்தால் அது வெறும் குடம். நாள்தோறும் அது நிரம்புமா என்ற கவலையோடு காட்டப்படுவதால்தான் அது வாழ்க்கையாகிறது. அன்றாடம் என்பதன் பொருளே திரும்ப நிகழ்வது. காமிராவோ இயல்பிலேயே ஒருமுறை நிகழ்வதை நாடுவது. இந்த முரணை உணராமல் எடுக்கப்படும் படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், அன்றாடத்தின் படமாகாது.

எடுத்துக்காட்டாக, நெல்லை, தென்காசிப் பகுதிகளில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய கூலியில் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் அங்கே ஏராளம். போட்டிக்கான படம் என்றால் விரைந்து இயங்கும் விரல்களின் அண்மைக் காட்சி வரும். ‘விரல்களின் நடனம்’ என்று தலைப்பு வரும். ஆனால் அந்த வேலை விரல்களில் மட்டும் இல்லை. இலையை நனைத்து வைப்பது, அளவுக்கு வெட்டுவது, தூளை வைத்துச் சுற்றி நூல் கட்டுவது, முனை மடக்குவது, கட்டுகளாக அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோவது என்று அது வீட்டின் எல்லா நேரங்களிலும் பரவிக் கிடக்கிறது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. சரியில்லை என்று கடையில் கழித்துவிடும் பீடிகளுக்குக் கூலி கிடையாது. விரல்களின் படத்தில் இந்தக் கழிவு தெரிவதில்லை. கடையின் முன் காத்து நிற்கும் பெண்களின் படமும், தட்டு மடியிலிருந்து இறங்காத இரவின் படமும், அவற்றின் கீழே நாலு வரியும் சேரும்போதுதான் கதை தொடங்குகிறது.

உலகப் புகைப்பட வரலாற்றிலிருந்து இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1936 மார்ச்சில் டோரதியா லாங், கலிபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர்களின் முகாமில் ஒரு தாயைப் படம் எடுத்தார். ‘புலம்பெயர் தாய்’ என்று பெயர்பெற்ற அப்படத்தை அறியாதவர் குறைவு. சில நிமிடங்களில் எடுக்கப்பட்டது அது. அப்பெண்ணின் பெயரையோ பூர்வீகத்தையோ தாம் கேட்கவில்லை என்று லாங் பின்னாளில் எழுதினார். 1978ஆம் ஆண்டில்தான் அவர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. அவர் செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும் அதன் பின்னரே பரவலாக அறியப்பட்டது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, தம் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. படம் வெளியானதும் அம்முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது உண்மை. ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து போய்விட்டிருந்தது.

மற்றொன்று, ‘லைஃப்’ இதழில் 1948 செப்டம்பரில் வெளிவந்த யூஜின் ஸ்மித்தின் ‘கிராமத்து மருத்துவர்’ என்ற படக்கட்டுரை. கொலராடோவின் கிரெம்லிங் என்ற சிற்றூரில் எர்னெஸ்ட் செரியானி என்ற மருத்துவரை ஸ்மித் 23 நாட்கள் பின்தொடர்ந்தார். மருத்துவர் தம்மை மறந்து வேலை செய்யப் பழகட்டும் என்று, முதலில் படச்சுருள் இல்லாத காமிராவோடு கூடவே திரிந்தார் என்று சொல்லப்படுகிறது. அக்கட்டுரையில் மருத்துவருக்குப் பெயர் உண்டு, களைப்பு உண்டு, தோல்வியும் உண்டு. லாங்கின் படம் தனிப்படம் என்ற வகையில் ஈடற்றது. அதை மறுக்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் நம் மாணவர்களுக்கு முன்மாதிரியாகச் சுட்ட வேண்டியது எது என்றால் இரண்டாவதையே சொல்வோம். முதலாவதற்கு மேதைமை வேண்டும். இரண்டாவதற்குப் பெருமளவு வேண்டியது காலமும் பொறுமையும். அவற்றைக் கல்லூரி கற்பிக்க முடியும்.

பெயரில்லாத முகங்களுக்கு நம் நாட்டில் வேறொரு வரலாறும் உண்டு. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்ற ஆங்கிலேயர்களின் பெருந்தொகுப்பில் புகைப்படங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றின் கீழே இருப்பது சாதியின் பெயர், குலத்தின் பெயர். மனிதர் ஒரு மாதிரிப்பொருளாக நிறுத்தப்பட்டார். 1909இல் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலிலும் இதே பார்வையைக் காணலாம். இன்றைய மாணவர் ‘உழைப்பு’ என்று எழுதும்போது அந்த ஆட்சியாளர்களின் நோக்கம் அவருக்கு இல்லை. ஆயினும் செயலின் விளைவு ஒன்றே. ஒரு மனிதர் ஒரு வகையாகச் சுருக்கப்படுகிறார். அன்று சாதியின் வகை, இன்று உணர்ச்சியின் வகை.

இதற்கு மாற்று, மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவதுதான். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மனிதர்களை எழுதினார் ஆ. மாதவன். வேடிக்கை பார்க்க வந்தவரின் கண்ணுக்குப் படாதவை அவருக்குப் பட்டன. இன்று கலைக்கல்லூரிகளில் பயில்வோரில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர். கட்டடச் சித்தாளின் மகளும் ஆட்டோ ஓட்டுநரின் மகனும் அதே வகுப்பறையில் இருக்கிறார்கள். தங்கள் வீட்டைப் பற்றி அவர்களைவிட அறிந்தவர் யார்? ஆனால் கல்வி நம் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத்தந்தது வீட்டை மறைக்கத்தான். அவர்கள் காமிராவோடு பிறருடைய வறுமையைத் தேடிச் சந்தைக்குப் போவதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

அந்தக் கூச்சத்தைக் கடந்தவர்கள் உண்டு. மதுரைப் பகுதியில் மீன் விற்கும் தாயின் மகனாக வளர்ந்து, பொறியியல் படித்தவர் எம். பழனிகுமார். மனிதக் கழிவகற்றும் தொழிலாளர்களைப் பற்றிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் (2017) ஒளிப்பதிவாளராகப் பணியாற்றினார். பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக்காப்பகத்தில் தொடர்ந்து இயங்கிவருபவர். 2022இல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதல் பெறுநர். தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படக்கலை கற்றுத்தருவதையும் அவர் தம் பணியாகக் கொண்டிருக்கிறார். அவருடைய படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, சொல்வதற்குச் சொந்தச் சொற்கள் இருக்கின்றன.

ஆனால் வீட்டிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்வது எளிது. அதற்கு ஒரு விலை உண்டு. பீடித்தட்டோடு அமர்ந்திருக்கும் தாயிடம் மகள் காமிராவை நீட்டினால், தாய் முதலில் செய்வது எழுந்துபோய் நல்ல சேலை மாற்றிக்கொண்டு வருவதாகத்தான் இருக்கும். மகளுக்கு வேண்டியதோ வேலைச் சேலை. இவ்விடத்தில் யார் சொல்வது நியாயம்? நம் ஊர்ப் பழைய ஸ்டுடியோ படங்களை நினைத்துப் பார்க்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்து ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் திரட்டி எண்ணிமப் பிரதிகளாகப் பாதுகாக்கும் பணியை மேற்கொண்டது. அத்தகைய படங்களில் மனிதர்கள் தீட்டிய திரைச்சீலையின் முன்னால் இருப்பதில் சிறந்ததை உடுத்தி, நிமிர்ந்து நிற்கிறார்கள். அதைப் பாசாங்கு என்று ஒதுக்குவது தவறு. தாம் எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவு அது. தர்ஸ்டனின் படங்களில் நின்றவர்களுக்குக் கிடைக்காத உரிமை.

எனவே மகள் இரண்டையும் எடுக்க வேண்டும். வேலைச் சேலையில் ஒன்று, அம்மாவே தேர்ந்துகொண்ட சேலையில் ஒன்று. இரண்டும் தொடரில் இடம்பெற வேண்டும். எதை வெளியே காட்டலாம், எதை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்பதில் அம்மாவின் சொல்லே இறுதி. அவர் வேண்டாம் என்ற படம் எவ்வளவு சிறந்ததாயினும் சுவருக்கு வரக்கூடாது. பரிசு போகலாம். அம்மாவின் முகம் அம்மாவுடையது.

இதற்கு முறையான வழிகளும் இல்லாமலில்லை. 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர், கிராமத்துப் பெண்களின் கையில் காமிராக்களைக் கொடுத்துத் தங்கள் அன்றாடத்தைத் தாங்களே படமெடுக்கச் செய்தார்கள். பாவ்லோ பிரெய்ரேயின் கல்விச் சிந்தனையின் தாக்கம் பெற்ற அம்முறை ‘போட்டோவாய்ஸ்’ என்று பெயர்பெற்று இன்று பல நாட்டுக் கல்லூரிகளில் பயன்படுகிறது. படம் எடுப்பதோடு அது முடிவதில்லை. எல்லோரும் கூடி அமர்ந்து ஒவ்வொரு படத்தையும் கேள்வி கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது என்ன, உண்மையில் நடப்பது என்ன, நம் வாழ்வோடு இதற்கு என்ன தொடர்பு, ஏன் இப்படி இருக்கிறது, நாம் செய்யக்கூடியது என்ன என்பதாக அக்கேள்விகள் அமைகின்றன. ‘விரல்களின் நடனம்’ முதல் கேள்வியோடு நின்றுவிடும். கழிக்கப்பட்ட பீடி நான்காம் கேள்விவரை நம்மைக் கொண்டுபோகும்.

இங்கேதான் தமிழ்த்துறைகளின் பங்கு வருகிறது. காட்சித் தொடர்பியல் துறையில் காமிராவைக் கற்பிக்கிறார்கள். படத்தின் கீழே எழுதும் நாலு வரியைக் கற்பிப்பார் இல்லை. தமிழ்த்துறையில் சிறுகதையின் இலக்கணத்தைக் கற்பிக்கிறார்கள். கண்ணெதிரே உள்ள மனிதரைப் பற்றி நாலு வரி எழுதும் பயிற்சி அங்கும் அரிது. படக்குறிப்பு என்பது எளிய உரைநடை அன்று. படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்லக்கூடாது. தெரியாததைச் சொல்ல வேண்டும். இரக்கத்தைக் கோரக்கூடாது. ‘பாவம்’ என்ற சொல்லை நீக்கிவிட்டு மணியையும் கூலியையும் எழுத வேண்டும். படத்தில் இருப்பவர் அந்த வரிகளைப் படித்துக் கேட்டு, ஆமாம், சரிதான் என்று சொல்லும்படி இருக்க வேண்டும். இரு துறைகளும் ஒரு பருவத்துக்காவது சேர்ந்து இதைச் செய்தால், நல்ல உரைநடையாளர் சிலரேனும் அங்கிருந்து வருவார்கள் என்பது நம் நம்பிக்கை.

இப்படி விதிகள் போட்டால் கலை செத்துவிடும் என்ற மறுப்பு எழும். நல்ல படம் விளக்கம் வேண்டாதது என்பார்கள். தனிப்படத்தின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. கலைப்படம் என்று சொல்லிச் சுவரில் மாட்டினால் நமக்கு வழக்கில்லை. அப்போதும் இசைவு கேட்டீர்களா என்ற கேள்வி மட்டும் எஞ்சும். ஒருவருடைய வாழ்க்கைக் கதையைச் சொல்கிறோம் என்று உரிமை கோரும்போது பொறுப்பு கூடுகிறது. கதை சொல்கிறவர் கதைமாந்தரின் பெயரை அறிந்திருக்க வேண்டும் என்பது அதிகமான எதிர்பார்ப்பு அல்லவே.

இன்று காமிரா இல்லை என்ற குறை பெரும்பாலும் இல்லை, கைப்பேசியே போதும். படங்கள் பெருகிவிட்ட காலத்தில் குறைந்திருப்பது, ஒரே வாசலில் ஒரு மாதம் உட்கார்ந்திருக்கும் பொறுமை. அடுத்த ஆகஸ்டில் கண்காட்சி அமைக்கும் ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் இவ்வளவுதான்: மாணவருக்கு ஒரு படம் என்று கேளாமல், ஒரு மனிதரைப் பற்றிய பத்துப் படங்களைக் கேளுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி கேளுங்கள். ‘உழைப்பு’ என்று எழுதியிருந்த இடத்தில், அந்த மனிதர் தாமே விரும்பிக் கொடுத்த பெயரை எழுதச் சொல்லுங்கள். கண்காட்சியின் முதல் நாள் முதல் பார்வையாளராக அவரை அழையுங்கள். தம் படத்தின் முன் நின்று அவர் என்ன சொல்கிறார் என்பதைவிடச் சிறந்த விமர்சனம் அந்த மாணவருக்குக் கிடைக்கப்போவதில்லை.