விருந்தினர் பட்டியல் வரலாறாகுமா?

வரலாறு என்பது மன்னர் பரம்பரைகளின் பட்டியலன்று என்பதை இன்று முதலாம் வருட மாணவனும் அறிவான். எந்த அரசன் எந்த ஆண்டில் முடிசூடினான், எந்த ஆண்டில் மாண்டான் என ஒப்புவிப்பதே வரலாற்றுக் கல்வி எனக் கொள்ளப்பட்ட காலம் எமது கலைப்பீடங்களில் எப்போதோ கழிந்துவிட்டது. எனினும், வகுப்பறையில் நாம் கைவிட்ட அதே முறை ‘மரபுரிமை’ என்ற பெயரில் வேறொரு வாசலால் உள்ளே வந்து அமர்ந்திருப்பதை நாம் கவனிப்பதில்லை. மன்னர் பட்டியல் இருந்த இடத்தில் இன்று விருந்தினர் பட்டியல் இருக்கிறது. இதற்குக் கொழும்புக் காலிமுக ஹோட்டலைவிடச் சிறந்த உதாரணம் இந்நாட்டிற் கிடைப்பது அரிது.

அந்த ஹோட்டலின் வரலாறாகச் சொல்லப்படுவது எங்கும் ஏறத்தாழ ஒரே கதைதான். 1864 ஆம் ஆண்டில் பிரித்தானிய வணிகர் நால்வர் கூடி அதனைத் தொடக்கினர். அவ்விடத்தில் இருந்த ஒல்லாந்தர் காலத்து மாளிகையின் பெயரே அதற்கும் வாய்த்தது. 1894 இல் பெரும் பகுதியொன்று புதிதாகக் கட்டப்பட்டது. அதன்பின் யார் யார் வந்து தங்கினர் என்ற விபரம் தொடங்கும். அரச குடும்பத்தினர், அரசியற் தலைவர்கள், நடிகையர், விண்வெளி வீரர் என்று பெயர்கள் நீளும். ஆர்தர் சி. கிளார்க் தமது ‘3001’ நாவலின் இறுதி அத்தியாயங்களை அங்கிருந்தே எழுதினார் என்ற செய்தியும் தவறாது இடம்பெறும். அத்துடன் வரலாறு முடிந்துவிடும்.

இக்கதையின் மகுடமாக விளங்குவது ‘சூயசுக்குக் கிழக்கே மிகப் பழைய ஹோட்டல்’ என்ற பெருமை. இதனை எத்தனை பேர் சோதித்துப் பார்த்துள்ளனர்? கல்கத்தாவின் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல் 1840களின் தொடக்கத்திலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதோ 1869 இல். காலிமுக ஹோட்டல் தோன்றி ஐந்து ஆண்டுகளின் பின்னர். ஒரு நிறுவனம் தன்னை விளம்பரஞ் செய்வது அதன் தொழில். அதனை நாம் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அவ்விளம்பரத்தையே பத்திரிகைக் கட்டுரையாளரும், பயண நூலாசிரியரும், சில வேளைகளில் எமது பட்டதாரிகளும் வரலாறென்று திருப்பி எழுதுவதே கண்டிக்கத்தக்கது.

1864 என்ற ஆண்டை எடுத்துக்கொள்வோம். அதே ஆண்டு டிசம்பர் 27 ஆம் திகதியே கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதலாவது புகையிரதம் ஓடியது. அப்பாதைக்கு 1858 இல் முதல் மண் வெட்டியவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். காலிமுகத்திடலின் உலாவீதியை 1859 இல் நிறைவுசெய்து, கொழும்பின் சீமாட்டிகளதும் குழந்தைகளதும் நலனுக்காக அதனைப் பேணும்படி தம் பின்வருவோருக்குக் கல்லில் எழுதிவைத்தவரும் அவரே. புகையிரதப் பாதை மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர அமைந்தது. கோப்பியால் வளர்ந்த நகரத்தின் கனவான்கள் மாலைக் காற்று வாங்கத் திடல் அமைந்தது. நால்வரின் வணிகத் துணிவு பற்றிப் பேசுவோர், அத்துணிவுக்கு வாடிக்கையாளரைத் தேடிக்கொடுத்த பொருளாதாரம் பற்றி ஏன் மௌனம் சாதிக்கின்றனர்?

அந்தக் கோப்பியை விளைவித்தவர் யார்? தென்னிந்தியக் கிராமங்களிற் பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிமாரின் பின்னால் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாக நடந்தவர்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் அவ்வழியில் அவர்களை வீழ்த்தின. 1840களில் மட்டும் இவ்வாறு மாண்டவர் தொகை 70,000 வரையாகும் என அன்றைய கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையொன்றே மதிப்பிட்டது. இம்மதிப்பீடு மிகையெனச் சிலர் வாதிடலாம், வாதிடட்டும். ஆனால் அவ்வாதம் நடப்பதற்குக் காரணம் எவரும் அவர்களை ஒழுங்காக எண்ணவில்லை என்பதே. ஹோட்டலில் ஓரிரவு தங்கிய பிரபுவின் பெயர் எமக்குக் கிடைக்கிறது. பாதையோரத்தில் இறந்தவனின் எண்ணிக்கைகூடக் கிடைப்பதில்லை.

1869 இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அடுத்த இரு தசாப்தங்களுக்குள் கோப்பித் தொழில் அழிந்தது. ஆனால் ஹோட்டல் அழியவில்லை. 1894 இல் முன்னையிலும் பெரிதாக எழுந்து நின்றது. எப்படி? கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1875 இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவர் கொழும்பைப் பெருந் துறைமுகமாக்கியது. சூயஸ் வழியாக வந்த நீராவிக் கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்பை நாடின. ஆகவே அந்த 1894 ஆம் ஆண்டுக் கட்டடத்தை எழுப்பிய கரங்களுள் கொத்தனாரின் கரம் ஒன்றே. கொழுந்து பறித்த கரமும் துறைமுகத்தில் மூட்டை சுமந்த கரமும் அதிற் பங்குடையன.

தொழிலாளி எவருக்கும் இவ்வரலாற்றில் இடமளிக்கப்படவில்லை எனக் கூறமுடியாது என்று சிலர் மறுப்பர். உண்மை, ஒருவருக்கு இடமுண்டு. கேரளத்திலிருந்து 1938 இல் இலங்கைக்கு வந்து, 1942 இல் அங்கு வேலைக்குச் சேர்ந்து, எழுபதாண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி, 2014 இல் தமது 94 ஆவது வயதிற் காலமான வாயிற் காவலர் சாத்துக்குட்டியே அவர். வெள்ளைச் சீருடையும் நரைத்த பெருமீசையுமாக அவர் கைகூப்பி நின்ற படம் உலகெங்கும் சென்றது. அவர் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயின் அவரைப் பற்றி எழுதியோர் அவர் யார் யாருக்குக் கதவு திறந்தார் என்றே எழுதினர். அவர் வந்த காலத்து இலங்கை எத்தகையது? 1930களில் கொழும்பு மலையாளத் தொழிலாளருக்கு எதிராக ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கமே பிரசாரம் நடத்தியது. 1939 இல் அரசாங்கம் இந்திய நாட்கூலித் தொழிலாளரை வேலைநீக்கஞ் செய்யத் தொடங்கியது. அத்தகைய காலத்தில் ஒரு மலையாள இளைஞன் கொழும்பில் எவ்வாறு காலூன்றினான் என்பதன்றோ வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி? அக்கேள்வி எழாதபோது, அவரும் முகப்புத் தூண்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டார் என்றுதான் கொள்ளவேண்டும்.

ஹோட்டலின் முன்னே விரிந்துகிடக்கும் திடலுக்கும் இதுவே கதி. விளம்பரங்களில் அது சூரியாஸ்தமனக் காட்சிக்குரிய இடம் மட்டுமே. திடலின் தென்முனையில் ஹோட்டல். வடமுனையில் பழைய பாராளுமன்றம். 1956 ஜூன் 5 ஆம் திகதி, தனிச் சிங்கள மசோதா பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் தலைமையில் அத்திடலில் அறவழியில் அமர்ந்தவர்கள் காடையரால் தாக்கப்பட்டனர். 2022 ஏப்ரலில் இளைஞர்கள் அங்கே கூடாரமடித்து ஓர் ஆட்சியை எதிர்த்தனர். மே 9 இல் அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட கும்பல் காலி வீதி வழியே வந்து அவர்களைத் தாக்கியது. ஒன்பது நாட்களின் பின், மே 18 இல், அதே திடலில் முள்ளிவாய்க்காலில் மாண்டோர் நினைவுகூரப்பட்டனர். ஹோட்டலின் விறாந்தையிலிருந்து பார்த்தால் தெரியும் திடல் இதுதான். கடலில் இறங்கும் சூரியனைக் கண்ட கண்கள் இவற்றைக் காணாதது எங்ஙனம்?

இங்கு இரு மறுப்புக்கள் எழக்கூடும். முதலாவது, ஹோட்டல் பலருக்குத் தொழில் தருகிறது, அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, அதனைப் பழிப்பது நாட்டுக்கு நன்றன்று என்பது. நான் கட்டடத்தை இடிக்கச் சொல்லவில்லை. உல்லாசப் பயணத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. பழைய கட்டடங்கள் காக்கப்படவேண்டியவையே. ஆனால் கல்லைக் காப்போர் கல்லைச் சுமந்தவனின் நினைவையும் காக்கட்டும் என்கிறேன். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வெளிவந்தது நெடும் போராட்டத்தின் பின் 2021 இல். அக்கூலி அந்த ஹோட்டலின் மாலைத் தேநீர் மேசையில் எதற்குப் போதுமாயிருந்திருக்கும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது மறுப்பு எமது துறைசார்ந்தது: தொழிலாளருக்கு ஆவணங்கள் இல்லை, ஆகவே எழுத முடியாது என்பது. குமாரி ஜயவர்த்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி 1972 இல் வெளியிட்ட நூல் இவ்வாதத்துக்கு என்றோ விடையளித்துவிட்டது. ஆள்வோர் எழுதிவைத்த அறிக்கைகளிலிருந்தே ஆளப்பட்டோரின் வரலாற்றை மீட்க முடியும். அதற்கு மேல், வாய்மொழிச் சான்றுகள் உள. ஹோட்டல்களின் சமையலறைகளிலும் சலவைக் கூடங்களிலும் உழைத்து ஓய்வுபெற்றோர் இன்னும் எம்மிடையே வாழ்கின்றனர். அவர்களும் மறைந்தபின் ஆவணம் இல்லையென்று அழுவதிற் பயனில்லை.

தமிழ் மாணவராகிய நாம் இவ்விடயத்திற் குற்றமற்றவரல்லர். கொழும்பின் பெரும் ஹோட்டல்களில் திருமண வரவேற்பு வைப்பதைக் குடும்பப் பெருமையாகக் கொள்ளும் கூட்டம் எம்மிடையேயும் உண்டு. மலையக மக்கள் 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டதைப் பரீட்சைக்கு மனனஞ் செய்கிறோம். அவர்களது உழைப்பின் மீது எழுந்த மாடங்களில் நின்று படம் பிடித்துக்கொள்ளும்போது அதனை மறந்துவிடுகிறோம்.

இறுதி வருடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதவிருக்கும் நண்பர்களுக்கும், தலைப்புக்களை அங்கீகரிக்கும் விரிவுரையாளர்களுக்கும் நான் முன்வைப்பது ஒரே வேண்டுகோள். நாட்டின் பழைய ஹோட்டல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். யார் வந்து தங்கினர் என்பதை விட்டுவிடுங்கள்; அது முன்னரே எழுதப்பட்டாயிற்று. அறையைக் கூட்டியவர் எவ்வூரவர், என்ன கூலி பெற்றார், எங்கே உறங்கினார், எப்போது விலக்கப்பட்டார் என்று கேளுங்கள். விருந்தினர் ஏட்டை மூடிவைத்துச் சம்பள ஏட்டைத் திறக்கும் நாளிலேயே அந்த ஹோட்டல்களின் வரலாறு எழுதப்படத் தொடங்கும்.