நியூஹாம் உள்ளாட்சித் தேர்தல்கள்

நியூஹாம் என்பது இலண்டன் மாநகரின் கிழக்கே உள்ள ஒரு பரோ ஆகும். தமிழர் பலர் வாழும் ஈஸ்ட் ஹாம் இதனுள் அடங்கும். 2006 இல் இதன் மன்றத்தில் தொழிற் கட்சி 54 இடங்களையும் பிற கட்சிகள் 6 இடங்களையும் பெற்றன. 2010, 2014, 2018 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற தேர்தல்களில் 60 இடங்களையும் தொழிற் கட்சியே கைப்பற்றியது.

தேர்தல் முறை

அப்போது 20 வட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். கூடுதல் வாக்குகள் பெறும் மூவர் தெரிவாவர். பலர் மூன்றையும் ஒரே கட்சிக்கு அளிப்பதால், முன்னணியிலுள்ள கட்சியே பெரும்பாலும் மூன்று இடங்களையும் பெறும். எல்லா வட்டங்களிலும் ஒரே கட்சி முந்தினால், ஏனைய கட்சிகளுக்கு ஆயிரக்கணக்கில் வாக்குகள் விழுந்தாலும் ஓர் இடமும் கிடைக்காது.

விளைவுகள்

நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் தொழிற் கட்சியினரே. எனவே நிர்வாகத்தின் முடிவுகளை ஆராயும் மன்றக் குழுவிலும் ஆளுங்கட்சி உறுப்பினர்களே இடம்பெற்றனர். 2022 இல், 66 இடங்களாக விரிவடைந்த மன்றத்தில் பசுமைக் கட்சி 2 இடங்களை வென்றது. எஞ்சிய 64 இடங்கள் தொழிற் கட்சிக்குச் சென்றன.

ஸ்காட்லாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் 2007 முதல் ஒற்றை மாற்று வாக்கு முறை பின்பற்றப்படுகிறது. இம்முறையில் சிறிய கட்சிகளும் தம் வாக்குகளுக்கு ஏறத்தாழ இணையான இடங்களைப் பெற வாய்ப்புண்டு.