தாழ்த்தப்பட்டவனிடம் தாழ்மை பேசாதே

'தாழ்' என்கிற ஒரே வேரிலிருந்து முளைத்த மூன்று சொற்கள் நம்மைச் சுற்றி நிற்கின்றன. பிரசங்க மேடை சொல்கிறது: தாழ்மை. கவுன்சிலிங் அறை சொல்கிறது: தாழ்வு மனப்பான்மை. வரலாறு சொல்கிறது: தாழ்த்தப்பட்டோர். முதலாவது புண்ணியமாம். இரண்டாவது நோயாம். மூன்றாவதுதான் உண்மை. அது செயப்பாட்டுவினை. தாழ்த்தியவன் எவன் என்கிற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே முதல் இரண்டையும் நமக்கு ஊட்டுகிறார்கள். கிறித்தவ இறையியலுக்கும் தத்துவத்துக்கும் உளவியலுக்கும் என்ன உறவு என்று கருத்தரங்கம் போட்டு மாய்கிறவர்களுக்கு வளவிலிருந்து நான் சொல்கிற பதில் இதுதான்: மூன்றும் கூட்டுச் சேர்ந்து, அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனைச் சோதனை போடுகின்றன.

தத்துவத்திலிருந்து தொடங்குவோம். பாவத்துக்கெல்லாம் ஆணிவேர் அகந்தை என்றார் அகஸ்டின். மேற்கத்தியத் திருச்சபை அதை இறுகப் பிடித்துக்கொண்டது. 1941ல் அமெரிக்க இறையியலாளர் ரெய்ன்ஹோல்ட் நீபர் மனித இயல்பைப் பற்றி எழுதியபோதும் அகந்தைதான் முதல் பாவம். 1960ல் வாலரி சேவிங் என்ற பெண் இதை மடக்கினார்: அய்யா, இது ஆம்பளையோட பாவம்; தன்னையே இல்லாமலாக்கிக் கொள்வதுதான் பெண்ணுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட கேடு; அவளிடம் போய் அகந்தையை விடு என்றால் என்ன அர்த்தம்?

அந்தக் கேள்வியைத் தூக்கிக் கொங்கு மண்ணில் வையுங்கள். பத்து வயசுப் பொடியன் எழுபது வயசு மாதாரியை 'ஏன்டா' என்று கூப்பிட்ட மண் இது. என் தாத்தா அந்தப் பொடியனைச் 'சின்னப் பண்ணாடி' என்றார். அவன் அப்பனைச் 'சாமி' என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டு அங்கேயும் 'சாமி' என்றார். ஆறு நாள் ஒரு சாமியிடம் குனிந்து நின்றவரிடம் ஏழாம் நாள் இன்னொரு சாமியின் பேரால் அகந்தையை விடச் சொன்னார்கள். எந்த அகந்தையை? இருந்தாலல்லவா விட?

நம்மூர்த் தத்துவமும் இதே சரக்கைத்தான் வைத்திருக்கிறது. சைவ சித்தாந்தத்தின் மும்மலத்தில் முதல் மலம் ஆணவம். ஆனால் சித்தாந்திகள் அதற்குத் தருகிற விளக்கம் வேறு: விரிந்து நிற்க வேண்டிய உயிரை அணுவாகச் சுருக்குவது எதுவோ அதுவே ஆணவம். அப்படியானால் மனுசனை அணுவாகச் சுருக்கிய சாதியல்லவா முதல் ஆணவம்? மடங்கள் அந்த முடிவுக்கு வரவில்லை. தெரு வந்தது. 2015ல் திருச்செங்கோட்டில் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். 2016ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். 'கவுரவக் கொலை' என்று பத்திரிகைகள் எழுதியதை 'ஆணவக் கொலை' என்று இயக்கங்கள் திருத்தின. எந்தத் தத்துவப் பேராசிரியரும் செய்யாத வேலை அது. ஆணவம் எங்கே குடியிருக்கிறது என்று விலாசம் எழுதிக் கொடுத்த வேலை.

தத்துவம் இறையியலுக்குள் நுழைந்த இன்னொரு பாதை நம் கோயமுத்தூர் வழியாகவே போகிறது. ஏ.ஜே. அப்பாசாமி 1891ல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். சைவத்திலிருந்து கிறித்தவத்துக்கு வந்த தந்தையின் மகன். ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்தவர். 1950 முதல் 1959 வரை தென்னிந்தியத் திருச்சபையின் கோயமுத்தூர்ப் பேராயர். கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கிய அவர், சங்கரரைத் தள்ளிவிட்டு ராமானுஜரை எடுத்துக்கொண்டார். உலகம் கடவுளின் உடல். கேட்க இனிக்கிறது. அப்படியென்றால் சாக்கடை அள்ளுகிறவள் உடலும் கடவுளின் உடல். அதைத் தீண்ட மறுக்கிறவன் கடவுளையே தீண்ட மறுக்கிறான். இந்த முடிவுக்கல்லவா அந்தத் தத்துவம் போயிருக்க வேண்டும்?

போகாது. காரணம் அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது. உயிர் எதைத் தாங்கி, ஆட்டிவைத்து, தன் பயனுக்காகவே வைத்திருக்கிறதோ அதுதான் உடல் என்கிறார் ராமானுஜர். ஆள்பவன் சேஷி, ஆளப்படுவது சேஷம். பக்தன் 'அடியேன்' என்று உருகுகிறான். அடிமையாக இருந்தே அறியாதவனுக்கு 'அடியேன்' தேன். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளாகக் கிடந்தவனுக்கு அது தழும்பு. அப்பாசாமியின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அவர் கையில் எடுத்த தத்துவத்தின் வாசல் வளவுப் பக்கம் திறக்கவில்லை என்பதே என் வழக்கு.

ஆன்மா வேறு உடல் வேறு என்ற பிளேட்டோவின் பாடமும் சாதிக்குத்தான் கைகொடுத்தது. ஆன்மாவுக்கு மீட்பு, உடலுக்குச் சாதி. ஞானஸ்நானம் பரலோகக் காரியம். பந்தியும் பாத்திரமும் உலக வழக்கம். 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். அதற்கு முன்பே, 1829ல், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதியைத் திருத்துவதைப் பைத்தியம் என்று தலைப்பிட்டே எழுதினார். பாருங்கள் தோழர்களே, உளவியல் என்றொரு துறை இங்கே வருவதற்கு முன்பே நோயாளி யாரென்று தீர்மானித்தாயிற்று. சாதி காக்கிறவன் தெளிந்தவன். சாதி ஒழிக்கிறவன் பைத்தியம்.

அரசும் இதே ஆன்மக் கணக்கைத்தான் போடுகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, மதம் மாறினால் சாதி கழன்றுவிடுகிறது. சீக்கியருக்கு 1956லும் பவுத்தருக்கு 1990லும் திறந்த கதவு கிறித்தவத் தலித்துக்குத் திறக்கவில்லை. சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர் தொடுத்த வழக்கில், மாறிய பிறகும் அதே கடுமையில் இழிவு தொடர்வதற்கு ஆதாரம் போதாது என்றது உச்சநீதிமன்றம். அது 1985. ஞானஸ்நானத் தண்ணிக்கு இவ்வளவு சக்தி இருப்பதாக எந்தப் போதகரும் நம்புவதில்லை. அரசாங்கம் நம்புகிறது.

இனி உளவியல். மனநோயாளியாக மருத்துவமனையில் கிடந்து மீண்ட போதகர் ஆன்டன் பாய்சன், 1925ல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துப்போனார். ஏட்டைப் படிப்பதுபோலத் துன்பப்படும் மனுசரைப் படியுங்கள் என்பது அவர் பாடம். நல்ல தொடக்கம். நம்மூருக்கு வந்து சேர்வதற்குள் அது தன்னம்பிக்கை யாவாரமாகச் சுருங்கிவிட்டது. இங்கே ஒரு சபை நடத்திய மூன்று நாள் முகாமில் துண்டுச் சீட்டு கொடுத்து அவரவர் பாவத்தை எழுதச் சொன்னார்கள். பேங்கில் பாரம் நிரப்பிக் கொடுத்துப் பழகிய கை என்பதால், பக்கத்திலிருந்த தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு நான் எழுத உட்கார்ந்தேன்.

"என்னத்தைங் கண்ணு எழுதறது? காத்தால நாலு மணிக்கு எந்திரிச்சு ஊர்க் குப்பையெ அள்றேன். டீக்கடைல எல்லாருக்கும் கிளாசு, எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. இதுல நான் செஞ்ச பாவம் எதுன்னு நீயே சொல்லு, எழுதிக்கலாம்."

கவுன்சிலர் வந்து கேட்டுவிட்டு, "உங்களுக்குத் தாழ்வு மனப்பான்மை, அதிலிருந்து வெளிய வாங்க" என்றார். பேப்பர் கப்பு குடுத்தவனுக்கு என்ன மனப்பான்மைங்க என்று கேட்டேன். அது முகாமின் பொருள் இல்லையாம்.

அதுதான் பொருள். கறுப்பு மனிதனின் தாழ்வுணர்ச்சி அவன் குழந்தைப் பருவத்தில் இல்லை, அவனைச் சுரண்டுகிற சமூகத்தில் இருக்கிறது; சுரண்டல்தான் பிறகு தோலுக்குள் இறங்குகிறது என்று 1952லேயே எழுதினார் ஃபனான். அல்ஜீரியாவில் பிளிடா மனநல மருத்துவமனையில் 1953ல் சேர்ந்தவர், 1956ல் வேலையைத் தூக்கி எறிந்தார். ஒரு நாட்டையே பேதலிக்க வைக்கிற ஆட்சியின் கீழ் தனி ஆளுக்கு வைத்தியம் பார்ப்பதை அவர் மனசு ஒப்பவில்லை. அவருக்கும் முன்னால், 1936ல், சாதி ஒரு மனநிலை என்றார் அம்பேத்கர். ஆனால் மருந்துச் சீட்டைச் சேரிக்கு எழுதவில்லை. சாஸ்திரத்தைப் புனிதமென்று நம்புகிறவன் தலைக்கு எழுதினார்.

இறையியலுக்குள்ளிருந்தும் உடைப்பு வந்தது. 1981ல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலுக்குக் கால்கோள். கோட்பாடும் செயலும் பிறகு, துயரமே முந்தியது, அதிலேயே கடவுளை அறிகிறோம் என்றது அவர் சிந்தனை. 1992ல் பாமாவின் 'கருக்கு' மடத்துச் சுவருக்குள்ளிருந்த சாதியை வெளியே இழுத்துப் போட்டது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியாபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்பாட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்பதுதான் திருவிருந்து என்றார்.

இந்த முன்னோடிகளோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. கடவுளே சேவகன், ஊழியம் செய்கிற நம்மைப் போன்றவன் என்றார் நிர்மல். ஆறுதல்தான். ஆனால் மலக்குழியில் இறங்குவதைக் கடவுளின் வேலை என்று புனிதப்படுத்தினால் குழி மூடாது. காந்தி தோட்டி வேலையை உயர்த்திப் பேசியபோது அம்பேத்கர் கிழித்தெறிந்தார். நம்மாட்கள் பேசினாலும் கிழிக்கத்தான் வேண்டும். நமக்கு வேண்டியது கூடச் சேர்ந்து குனிகிற கடவுள் இல்லை.

வேதாகமத்திலேயே ஆதாரம் இருக்கிறது. தாழ்மையைப் பற்றி இயேசு யாரிடம் பேசினார்? பந்தியில் முதலிடம் தேடிப் போய் உட்கார்ந்த பெரிய மனுசர்களிடம். பதினெட்டு வருசமாக நிமிர முடியாத கூனிப் பெண்ணிடம் அவர் பாவத்தைக் கேட்கவில்லை, தாழ்மையைப் போதிக்கவில்லை, மனப்பான்மையை அலசவில்லை. அவளை நிமிர்த்தினார். ஆபிரகாமின் மகள் என்றார். ஆத்திரப்பட்டது ஜெப ஆலயத் தலைவன். ஒடுக்கப்பட்டவள் நிமிர்ந்தால் எவனுக்கு வலிக்கிறது என்று பார்த்தால் போதும், நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இறையியலும் தத்துவமும் உளவியலும் சந்திக்க வேண்டிய இடம் அந்தக் கூன் முதுகு.

இறையியல் மாணவத் தோழர்களே, உங்கள் முகாமை வளவில் போடாதீர்கள். ஊருக்குள் போடுங்கள். ஆணவ மலத்தைப் பற்றிய பிரசங்கத்தைச் சாதிச் சங்க மண்டபத்தில் வையுங்கள். பாவச் சீட்டைப் பேப்பர் கப்பு நீட்டுகிறவன் கையில் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் கூப்பிடுங்கள். அவனுக்கும் நான் எழுதிக் கொடுக்கிறேன்.