நெய்வேலி சுரங்கத் தண்ணீரைக் குடிக்கலாமா? பாதரச சர்ச்சையின் பின்னணி என்ன?

கடலூர் மாவட்டத்தில் வாலாஜா ஏரிப் பாசன விவசாயிகள் நம்பியிருப்பது நெய்வேலி சுரங்கம் வெளியேற்றும் தண்ணீரைத்தான். ஆனா, அதே பகுதித் தண்ணீரில் பாதரசம் இருக்குன்னும் புகார். எது உண்மை?

சுரங்கத்தில் தண்ணீர் எங்கிருந்து வருது?

பழுப்பு நிலக்கரிக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தில் இருக்கிறது. அதை இரவு பகலாக பம்ப் செய்து எடுக்காவிட்டால், சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆழ்குழாயில் நேரடியாக எடுக்கப்படும் இந்த நீர் நிலக்கரியைத் தொடுவதில்லை. சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கும் நெய்வேலி நிலத்தடி நீர் கைகொடுத்திருக்கிறது.

அப்புறம் எப்படிக் கெடுது?

மழைநீரும் ஊற்றுநீரும் சுரங்கத்தின் அடியில் தேங்கி, நிலக்கரியோடும் மண்ணோடும் கலக்கின்றன. இது வேற தண்ணீர். நிலக்கரியில் இயற்கையாகவே சிறிதளவு பாதரசம் உண்டு. அனல்மின் நிலையத்தில் எரிக்கும்போது அது புகையிலும் சாம்பலிலும் கலந்து, மண்ணையும் நீர்நிலைகளையும் அடையலாம்.

மேகாலயாவில் பிரச்சனை வேறு மாதிரி. அங்கே எலிவளைச் சுரங்கங்களில் நிலக்கரியில் உள்ள கந்தகம், காற்றும் நீரும் பட்டு அமிலமாகிறது. ஜைந்தியா மலைப்பகுதி ஆறுகள் பாழானதற்கு இது முக்கியக் காரணம். 2014-ல் பசுமைத் தீர்ப்பாயம் இந்தச் சுரங்கங்களுக்குத் தடை விதித்தது.

நெய்வேலியில் என்ன புகார்?

2023 ஆகஸ்டில் 'பூவுலகின் நண்பர்கள்', 'மந்தன் அத்யயன் கேந்திரா' அமைப்புகள் ஆய்வறிக்கை வெளியிட்டன. வடக்குவெள்ளூரில் எடுத்த நீர் மாதிரியில், பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைவிட 250 மடங்கு இருந்ததாக அதில் சொல்லப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் வரைதான் பாதரசம் இருக்கலாம். செய்திகளின் அடிப்படையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாக முன்வந்து வழக்காக எடுத்தது.

கொதிக்க வைத்தால் போகுமா?

போகாது. தண்ணீர் ஆவியாகி, கரைந்திருக்கும் உலோகங்களின் செறிவு கூடத்தான் செய்யும். நிறம், வாசனை, டிடிஎஸ் மீட்டர் எதிலும் பாதரசம் தெரியாது. ஆய்வகத்தில் பாதரசம்னு குறிப்பிட்டுக் கேட்டுத்தான் பரிசோதிக்கணும்.

அடுத்து என்ன?

ஒரு மாதிரியை வைத்து எல்லாத் தண்ணீரும் விஷம்னு சொல்ல முடியாது. ஆழ்குழாய் நீர் நல்லா இருக்குங்கிறதால ஏரி நீரும் நல்லதுன்னும் சொல்ல முடியாது. ஆழ்குழாய், சுரங்க வடிகால், சாம்பல் குளம், ஏரி, ஊர்க் கிணறு என ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகச் சோதித்து, முடிவை மக்களுக்குத் தெரியும்படி வெளியிட்டால்தான் சந்தேகம் தீரும்.