பிளாக் பெல்ட் காக்குமா?

“பையன் பிளாக் பெல்ட் வாங்கிவிட்டான், ஹஜ்ரத். இனி எவனுக்கும் அஞ்ச வேண்டியதில்லை” என்று சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஒரு தந்தை என்னிடம் பூரிப்போடு கூறினார். வாழ்த்தி அனுப்பினேன். ஆனால் அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் வீடு வரும்வரை நெஞ்சை உறுத்தியது.

கராத்தேயையோ சிலம்பத்தையோ நான் பழிப்பதாக எவரும் எண்ண வேண்டா. கம்பு சுழற்றுதல் நம் ஊர்களின் விழா ஊர்வலங்களிலே தலைமுறை தலைமுறையாய்க் கண்டு களித்த கலை. உடல் உரம் பெறும். கண்ணும் கையும் ஒன்றுபடும். என் வழக்கு வேறு. களத்தில் எதிரி ஒருவனே. அவனும் ஒத்த வயதினன், ஒத்த எடையினன். நடுவர் உண்டு, தொட்டால் புள்ளி உண்டு, வணங்கித் தொடங்கி வணங்கி முடிப்பர். இருட்டுச் சாலையில் வழிமறிப்பவன் வணங்குவதில்லை. அவன் இடுப்பிலே கத்தி, முதுகுக்குப் பின்னே கூட்டாளி!

என்னிடம் ஓதிய இளைஞன் ஒருவன், பரங்கிப்பேட்டைச் சாலையில் கைப்பேசியைப் பறிக்க வந்த இருவரைக் கற்ற முறைப்படி காலால் உதைத்தான். முதல்வன் வீழ்ந்தான்; மற்றவன் கத்தியால் கிழித்தான். இன்றும் அப்பிள்ளையின் வலக்கை விரல் இரண்டு மடங்குவதில்லை. “கைப்பேசியை எறிந்துவிட்டு ஓடு” என்று அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஓடுவது இழுக்கு என்றே கற்பித்திருந்தனர்.

இழுக்கா? நம் கடற்கரை மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபியீ சட்டநூலாகிய இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ என்ன கூறுகிறது? தாக்க வருபவனை மிக இலேசான வழியால் தடுக்க வேண்டும். சொல்லாலும், உதவிக்குக் கூவுவதாலும் தடுக்க முடியுமாயின் அடிப்பது கூடாது. கை போதுமாயின் சாட்டை கூடாது. சாட்டை போதுமாயின் தடி கூடாது. தப்பியோட வழியிருப்பின் ஓடுவதே கடமை என்பது மத்ஹபின் வலுவான முடிவு. பெண்ணின் மானத்துக்கு ஊறு நேரும்போதோ எதிர்த்தல் கட்டாயம். கி.பி. 1277-இல் மறைந்த ஒரு பேரறிஞர் வன்முறையை இத்தனை படிகளாகப் பகுத்துக் காட்டினார். மாதக் கட்டணம் வாங்கும் நம் பயிற்சிக்கூடங்களோ எல்லாவற்றுக்கும் ஒரே குத்து, ஒரே உதை! 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவும், தற்காப்பின் பெயரால் தேவைக்கு மேல் தீங்கு செய்யும் உரிமையை மறுக்கிறது. இதனை எந்த ஆசான் தம் மாணவனுக்கு ஒருநாளேனும் எடுத்துரைக்கிறார்?

சில வேளை ஓடுவதன்றி எதுவும் பயன்படாது. 1965 ஜனவரி 27 அன்று மொழிப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். குண்டின் முன் எக்கம்பு நிற்கும்?

இவற்றினும் கொடியது வீட்டுக்குள் நிகழ்வது. இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வினவப்பட்ட சிறாருள் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். தொல்லை தந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தை அறிந்தவர், நம்பியவர். மாமா என்றும் சாச்சா என்றும் அழைத்த வாயோடு அக்குழந்தை அவரை எப்படி உதைக்கும்? அதற்கு வேண்டுவது கால் அன்று, நாக்கு. “பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே” என்று நாள்தோறும் அந்நாக்கைக் கட்டிவைப்பவர் யார்? நாம்தாம். கட்டிவைத்துவிட்டு, தற்காப்புக்கென்று சனிக்கிழமைதோறும் பணம் கட்டுகிறோம். குழந்தை வந்து சொன்னால் நம்புவோம் என்று எத்தனை தாய்மார் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள்? 1098 என்னும் உதவி எண்ணை எத்தனை வீட்டுச் சுவரில் எழுதியிருக்கிறோம்?

கடலூரில் பயிற்சியளிக்கும் ஆசான் ஒருவரிடம் இவற்றையெல்லாம் ஒருநாள் மனம்விட்டுப் பேசினேன். கூவுதல், ஓடுதல், வீட்டில் வந்து சொல்லுதல் மூன்றையும் முதல் மாதப் பாடமாக வையுங்கள் என்றேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, “ஓடக் கற்றுக்கொடுத்தால் எந்தப் பெற்றோர் பணம் கட்டுவார், ஹஜ்ரத்?” என்றார்.

அவரிடம் விடை சொல்ல என்னால் இயலவில்லை. பெற்றோரே, நீங்கள் சொல்லுங்கள்.